அச்சங்குளத்தில் ஊதாத சங்கு

போன மாதம் சுகன்யா பேசினாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். ராக்கெட்டில் போகும் ஒவ்வொரு கருவியையும் சோதித்து, அதை நம்பலாமா கூடாதா என்று சொல்வதுதான் எங்கள் பிரிவின் வேலை. அந்த வேலையில் பாதிக்கு மேல் இப்போது ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டதாம். சோதனை முடிவுகளை அதுவே வாசித்து, கருவியின் பெயருக்கு எதிரே பச்சையோ சிவப்போ காட்டிவிடுகிறதாம்.

"மேடம், நேத்து ஒரு தொகுதி முழுக்கப் பச்சை. எனக்கு என்னவோ கையெழுத்துப் போட மனசு வரல. எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"போட்டிருக்க மாட்டேன்," என்றேன். ஏன் என்று கேட்டாள். அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது, எழுதுகிறேன் என்றேன்.

சந்தேகப்படுவது எனக்குப் படிப்பினால் மட்டும் வந்த குணம் இல்லை. எங்கள் கிராமம் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில். அப்பா எங்கள் புன்செய்க் காட்டில் விளைந்த மிளகாயை விருதுநகர் கமிஷன் கடைக்குக் கொண்டுபோவார். கடைக்காரர் மூட்டையின் வாயில் மின்னும் வற்றலைத் திரும்பியும் பார்க்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளிப் பார்ப்பார். அப்பாவுக்கு அதில் கோபமே வராது. எனக்குத்தான் முகம் சுண்டிப்போகும். பிறகு பொறியியல் படித்தேன், விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தேன், பயிற்சி முடித்தேன். முடித்த பிறகு பார்த்தால் அந்தக் கடைக்காரர் செய்ததையே நானும் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் வேங்கடபதி. ஒல்லியான மனிதர், குரல் உயராது. ஆய்வுக் கூட்டத்தில் ஒரு பென்சிலை மட்டும் கையில் வைத்திருப்பார். யாராவது, "அந்த நேரத்தில் வால்வு மூடியிருந்தது சார்," என்று சொன்னால் பென்சிலை மேஜைமேல் வைத்துவிடுவார்.

"பாத்தீங்களா, கேட்டீங்களா, நினைச்சீங்களா?"

இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லும்வரை பென்சில் மேஜையிலேயே கிடக்கும். "நினைச்சேன்" என்று ஒப்புக்கொண்டால் திட்ட மாட்டார். "சரி, போய்ப் பாத்துட்டு வாங்க. நாங்க இருக்கோம்," என்பார். எத்தனை பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தாலும், போனவர் திரும்பி வரும்வரை அந்த அறையே சும்மா காத்திருக்கும். அந்த மௌனத்துக்குப் பயந்தே பலர் முன்கூட்டி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. பழுதான கருவிகளைக் கடைசியில்தான் எடுப்பார். நன்றாக வேலை செய்ததை முதலில் கொண்டுவரச் சொல்வார். ஒருமுறை ஒரு தொட்டியின் அழுத்தத்தை அளக்கும் உணர்கருவி, செய்த சோதனை எல்லாவற்றிலும் புள்ளிக்குப் பிறகு வரும் எண் வரை ஒரே அளவைக் காட்டியது. அதைச் செய்த குழு இனிப்பு வாங்கி வைத்திருந்தது. வேங்கடபதி காகிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கமலா, இந்த வயர் எங்க போகுதுன்னு கையால பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க," என்றார். பிடித்துக்கொண்டே போனேன். அந்தக் கம்பி தொட்டிக்குப் போகவே இல்லை. அளவு சரிபார்க்க வைத்திருந்த ஒரு பெட்டிக்குள் போய் முடிந்தது. பெட்டி தன்னைத்தானே அளந்து, தான் நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி அச்சங்குளம்.

ஏவுதளங்களில் மின்னலை முன்கூட்டி உணரும் கருவி ஒன்று உண்டு. இடுப்பளவு தூணின் தலையில், வானத்தைப் பார்த்து ஒரு தகடு சுழன்றுகொண்டிருக்கும். மேகத்தில் மின்னேற்றம் கூடக் கூட அதற்குத் தெரிந்துவிடும். மின்னல் விழும் முன்பே அபாயச் சங்கு ஊதும். ஏவுதளத்துக்கு உதவுவது பட்டாசு ஆலைக்கும் உதவும் என்று வேங்கடபதி ஒரு திட்டம் போட்டார். மருந்து கலக்கும் அறைக்கு மின்னலும் எதிரி, ஒருவர் உடம்பிலிருந்து தாவும் சின்னப் பொறியும் எதிரி. சாத்தூர் வட்டாரத்தில் சில ஆலைகளைத் தேர்ந்தெடுத்து, ஆலைக்கு ஒரு கருவியும் ஒரு சங்கும் வைத்தோம். கூடவே இரும்புக் கம்பி வலை பதித்த சுவரோடு ஒரு பாதுகாப்பு அறையும் எங்கள் செலவில் கட்டினோம். சங்கு ஊதினால் எல்லோரும் அந்த அறைக்குள் போய்விட வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐப்பசி மழையில்தான் அந்தச் சோதனை நடந்தது. கருவிகளின் நம்பகத்தன்மையைப் பற்றி அறிக்கை தருவது என் பொறுப்பு.

மற்ற ஆலைகளிலிருந்து தினமும் புகார்தான். மேகம் எட்டிப் பார்த்தாலே ஊதுகிறது, வேலை கெடுகிறது, சீசன் நேரத்தில் இது என்ன தொல்லை என்பார்கள். அச்சங்குளத்துப் பக்கம் இருந்த ஓர் ஆலையிலிருந்து மட்டும் ஒரு புகாரும் இல்லை. அங்கே சங்கு அனாவசியமாக ஒருமுறையும் ஊதவில்லை. கருவியின் உடல்நிலையைக் கேட்டு ஒவ்வொரு மணிக்கும் எங்கள் கணினி செய்தி அனுப்பும். அங்கிருந்து தவறாமல் "நலம்" என்று பதில் வரும். வேங்கடபதி அதை மாதிரி நிலையம் என்று அறிவித்து, வருகிறவர்களை எல்லாம் அங்கே அழைத்துப் போனார். ஆலை வாசலில் பலகையும் வைத்தார்கள். நன்றாக ஓடுவதை முதலில் விசாரிக்கிறவர், இந்த ஒன்றை விசாரிக்கவில்லை. அவருடைய திட்டமாயிற்றே என்று எனக்குள் ஓடியது. அப்படி நினைப்பதற்கே கூச்சமாகவும் இருந்தது.

நான் சுருக்க அறிக்கையை விட்டுவிட்டு, அந்தக் கருவி அனுப்பிய அளவுகளை அப்படியே வரைந்து பார்த்தேன். நல்ல வெயில் நாளிலும் வானத்தில் மெல்லிய மின்புலம் இருக்கும். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி அது அசையும். மற்ற ஆலைகளின் கோடுகள் எல்லாம் அசைந்தன. அச்சங்குளத்துக் கோடு தரையில் படுத்துக் கிடந்தது. எப்போதாவது சில மணி நேரம் எழுந்து, மற்றவற்றைப் போலவே அசைந்து, மறுபடி படுத்தது. எழுந்த நாட்கள் எவை என்று பார்த்தேன். எங்கள் ஆட்கள் பார்வையிடப் போன நாட்கள்.

யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ஏழாயிரம்பண்ணையில் தம்பி வீட்டில் தங்கி, காலையில் ஆலைக்கு ஆள் ஏற்றும் வேனில் பெண்களோடு ஏறிக்கொண்டேன். வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக எல்லோரும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். நானும் தொட்டேன். வாசலை ஒட்டி மணல் நிரப்பிய சிவப்புத் தீ வாளிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு கொக்கி காலியாக இருந்தது.

மேனேஜர் ஜெயபால் ஓடி வந்தார். "சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே மேடம். வாங்க, முதல்ல டீ சாப்பிடுங்க. வெயிலாயிருக்கு, மின்விசிறிக்குக் கீழ உக்காருங்க."

காலை ஏழு மணிக்கு என்ன வெயில் என்று கேட்கவில்லை. டீ வந்தது. முறுக்கு வந்தது. போன தீபாவளி ஆர்டரின் கதை வந்தது. ஒருவழியாக எழுந்து கருவி இருக்கும் மூலைக்குப் போனோம். தகடு ஒழுங்காகச் சுழன்றுகொண்டிருந்தது. "பாத்தீங்களா மேடம், தங்கமான மிஷின்," என்றார் ஜெயபால். நான் குனிந்து தூணின் மேல்தட்டைப் பார்த்தேன். தகட்டைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல். கீறலில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

திரும்பி வரும்போது வாசலைப் பார்த்தேன். காலியாக இருந்த கொக்கியில் வாளி தொங்கியது. அதில் மணல் இல்லை.

அவ்வளவுதான் சூட்சுமம். இரும்பு வாளியைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் கருவிக்கு வானமே கிடையாது. ஆனால் நாங்கள் கேட்கும் கேள்வி கருவிக்குள்ளேயே சுற்றி வரும் கேள்வி. வாளிக்குள் இருந்துகொண்டே அது "நலம்" என்றுதான் சொல்லும். பொய்யும் இல்லை.

யார் கவிழ்த்தது? ஜெயபால்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். வேலை நிற்கக் கூடாது என்று நினைப்பவர் அவர்தானே. மதியம் சாப்பாட்டு நேரத்தில் திரி செருகும் அறைப் பெண்கள் வேம்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பேச்சியம்மாள் என்பவர் காலையில் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். அவரிடம் போய் மெதுவாகக் கேட்டேன்.

"மேனேஜர் வாளியைக் கவுத்துறத நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பெரியகாட்டு வீட்டுப் பிள்ளைதான? எங்க ஆத்தா உங்க காட்டுலதான் களை எடுத்துச்சு. உங்ககிட்டச் சொன்னா எங்க போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டது நியாயம்தான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கையைத் துடைத்துவிட்டு அவராகவே பேசினார்.

"மேனேஜர் வைக்கல. நாங்கதான் வச்சோம். யாரு வச்சான்னு கேக்காதீக. எதுக்கு வச்சோம்னு கேளுங்க."

"எதுக்கு?"

"எந்திரிச்சு வாங்க, காட்டுதேன்."

பின்பக்கம் இருந்த பாதுகாப்பு அறைக்குக் கூட்டிப் போனார். வெள்ளையடித்த அறை, எங்கள் நிலையத்தின் சின்னம் வரைந்த இரும்புக் கதவு, கதவில் கனத்த பூட்டு. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே உத்தரம் வரை அட்டைப்பெட்டி. சீசன் சரக்கு. லாரி வரும்வரை மழையில் நனையாத இடம் ஆலையில் அது ஒன்றுதான்.

"மொத தடவ சங்கு ஊதுனப்ப இங்கனதான் ஓடியாந்தோம். பூட்டிக் கெடக்கு. வெட்டவெளியில போயி நில்லுங்கன்னாக. அம்புட்டுப் பேரும் பொட்டல்ல நிக்கோம், தலைக்கு மேல மின்னுது. வேல செய்யிற எடத்துலயாவது தலைக்கு மேல கூரை இருக்கு. சங்கு ஊதுனாத்தான எங்கள வெளிய வெரட்டுவாக? அதான் அத ஊதவிடல. பெரிய ஆளுக வாராகன்னு முந்துன நாளே போன் வந்துரும். பெட்டிய எல்லாம் எங்களவிட்டே வெளிய எடுத்துப் போடச் சொல்வாக. அன்னைக்கு நாங்களும் வாளிய எடுத்துருவோம். போனதும் அவுக பெட்டிய உள்ள வைப்பாக, நாங்க வாளிய வைப்போம்."

"மேனேஜருக்கு வாளி விஷயம் தெரியுமா?"

"தெரியாமயா இருக்கும்? அவரு கேட்டதில்ல. நாங்களும் பெட்டியப் பத்திக் கேட்டதில்ல."

ஜெயபால் பெட்டியை மறைத்தார். பெண்கள் வாளியை மறைத்தார்கள். ஒருவர் மறைத்தது மற்றவருக்குத் தெரியும். ஒன்றும் தெரியாமல் இருந்தது, தினமும் "நலம்" வாங்கிக்கொண்டிருந்த நாங்கள்தான்.

நாங்கள் அங்கே நின்றிருக்கும்போதே மேற்கே கறுத்தது. காற்று நின்றுவிட்டது. காலையில் நான் டீ குடித்த நேரத்தில் வாளியை எடுத்துவிட்டார்களே, கருவிக்கு இப்போது வானம் தெரிந்தது. சங்கு ஊதியது.

மருந்து அறைகளிலிருந்தும் திரி அறைகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து திகைத்து நின்றார்கள். ஜெயபால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "பொட்டலுக்குப் போங்க. எல்லாரும் பொட்டலுக்கு," என்று கையை வீசினார். யாரும் நகரவில்லை. பூட்டிய அறையின் தாழ்வாரத்தில் சில பெண்கள் ஒதுங்கினார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சீசன் பட்டாசு இருந்தது.

"வேன் எல்லாம் எங்க?" என்றேன்.

"ரோட்டுல நிக்கும் மேடம். அது சாயங்காலம் வேலை விட்டப்பறம்தான்."

"இப்ப வேணும். கூரையும் பக்கமும் இரும்பா இருக்கிற வண்டி. கதவு ஜன்னலை அடைச்சு உள்ள உக்காந்தா மின்னல் வெளியவே இறங்கிரும். பொட்டலைவிட அது நல்லது."

"மொதலாளிகிட்டக் கேக்காம எப்படி?"

"கேளுங்க. நாங்க போய்க்கிட்டிருக்கோம்."

நான் நடக்கத் தொடங்கினேன். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பெரியகாட்டு வீட்டுப் பெண் கூப்பிட்டால் அவர்கள் ஏன் வர வேண்டும்? பிறகு பேச்சியம்மாளின் குரல் கேட்டது. "வாங்கத்தா, வேனுக்குள்ள போவோம். மத்தத அப்பறம் பேசிக்கிடலாம்." அதற்குப் பிறகுதான் காலடிச் சத்தம் கேட்டது.

டிரைவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் அதட்டினார். "ஏலே, சீட்ட மடக்கு. வண்டிய மரத்தடியில இருந்து எடு." ஒருவர் மடியில் ஒருவராக ஏறி உட்கார்ந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கம்பி எதிலும் கை படாமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆலையைவிட்டு எட்ட, மரமோ மின்கம்பமோ இல்லாத இடமாகப் பார்த்து வண்டிகளை நிறுத்தினார்கள். கடைசி ஆளாக ஜெயபாலும் நனைந்தபடி வந்து ஏறினார். மழை கொட்டியது. மின்னி மின்னி இடித்தது. உள்ளே வியர்வையும் மருந்து வாடையும் கலந்து மூச்சு முட்டியது.

மழை விட்டதும் இறங்கிப் பார்த்தோம். ஆலை அப்படியே இருந்தது. ஓர் ஓடுகூட நகரவில்லை.

"ஒண்ணும் ஆகலையே மேடம்," என்றார் ஜெயபால். அதில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. முதலாளியிடம் என்ன சொல்வது என்ற வருத்தம். என் வேலைக்காலம் முழுக்க நான் கேட்ட பேச்சு அது. ஆகியிருந்தால் காரணம் கேட்பார்கள். ஆகாவிட்டால், எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பார்கள்.

சாயங்காலம் விருதுநகர் வந்து வேங்கடபதியிடம் தொலைபேசியில் பேசினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ரூம் காலியா இருந்ததை நான் பார்த்தேன் கமலா," என்றார். என்னைச் சந்தேகப்படும் குரல்.

"நீங்க வர்றதை எப்ப சொன்னீங்க சார்?"

"விருதுநகர் ஜங்ஷனுக்கு எத்தனை மணிக்கு வண்டி வரும்?" என்றார்.

இரண்டு நாள் கழித்து வந்தார். யாருக்கும் சொல்லவில்லை என்றார். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. வாசலிலேயே ஜெயபாலின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினேன். அறை பூட்டியே இருந்தது. சாவி வந்தது, கதவு திறந்தது. பெட்டிகள் அப்படியே இருந்தன. எல்லோரையும் வேனுக்குள் விரட்டிய அந்த மழைக்குப் பிறகும் யாரும் அவற்றை எடுக்கவில்லை. வேங்கடபதி ஒரு பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"சரக்கையெல்லாம் வெளிய எடுங்க. எடுத்துட்டு இந்தக் கதவைக் கழட்டுங்க," என்றார்.

ஜெயபாலுக்குப் புரியவில்லை. "கதவையா சார்? சாரல் உள்ள அடிக்குமே."

"அடிக்கட்டும்."

"பெட்டி வச்சா நனைஞ்சு போயிருமே சார்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

கதவைக் கழற்றியதோடு விடவில்லை. கீலை அறுத்தெறிந்து, அது இருந்த இடத்தைச் சிமெண்டால் பூசச் சொல்லி, பூசி முடியும்வரை நின்றார். வாசலுக்கு உள்பக்கம், ஓர் ஆள் நடந்து போகிற இடைவெளி விட்டு, வெளியே வெடிப்பது உள்ளே தெறிக்காதபடி மறைப்புச் சுவர் ஒன்று எழுப்பவும் ஏற்பாடு செய்தார். மாதிரி நிலையம் என்ற பலகையை அவரே இறக்கினார். யாரும் கேட்கும் முன் தன் பெயரிலேயே அறிக்கை எழுதி, கருவி தேறியது, ஏற்பாடு தோற்றது என்று முடித்தார். நேர்மையாகத்தான் எழுதினாரா, நான் எழுதுவதற்குள் முந்திக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாளியை வைத்தவர் பெயரை அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

சுகன்யா, உன் பச்சைத் தொகுதியில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது. கோளாறே இல்லாமலும் இருக்கலாம். அந்த மென்பொருள் கேட்கும் கேள்வி எங்கே போய்த் திரும்புகிறது என்று முதலில் பார். போகிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்.

இந்த ஐப்பசியிலும் நான் அந்த ஆலைக்குச் சொல்லாமல் போனேன். எனக்கு இப்போது எந்த அதிகாரமும் இல்லை. வாசலில் தடுத்தார்கள், பேச்சியம்மாள் வந்து உள்ளே அழைத்துப் போனார். கதவில்லாத அந்த அறையில் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான் நிலைச்சட்டத்தில் கையை வைத்து, சிமெண்ட் பூசிய இடத்தில் புதிதாகத் துளை போட்டிருக்கிறதா என்று மேலும் கீழும் தடவிப் பார்த்தேன். மூலைகளில் அட்டைப்பெட்டியின் தூசி கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

பேச்சியம்மாள் தூக்குவாளியைத் திறந்தபடியே கேட்டார். "எங்களையுமா நம்ப மாட்டீக?"

"மாட்டேன்," என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவரை நகரச் சொல்லி எனக்கு இடம் விட்டார்.

"அப்பன்னா உக்காந்து, சாப்பிட்டுக்கிட்டே பாருங்க."